வத்தலக்குண்டு கமலவேணி

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் ஒவ்வொரு ஜனவரியிலும் டாக்டருக்கு ஒரு டைரி தருவார். டாக்டர் அதை என்னிடம் தள்ளிவிடுவார். நான் அதை அலமாரிக்குள் தள்ளிவிடுவேன். இந்த வருஷம் எழுதலாம் என்று வெளியே எடுத்திருக்கிறேன். பேச ஆளில்லை என்பதால் அல்ல. பேசினால் தொண்டை கரகரக்கிறது, அவ்வளவுதான்.

காலை வேலை பதினைந்து நிமிடம். எட்டரைக்கு லேப். நாற்பத்தாறு சாம்பிள். திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குத் தைராய்டு.

பதினோரு மணிக்கு ஒரு அம்மா போன் செய்து, "சார், என் ரிப்போர்ட் ரெடியாங்க சார்?" என்று கேட்டார். "ரெடிம்மா" என்று வைத்துவிட்டேன். என் மேசையை ஒட்டி ரிசப்ஷனில் இருக்கும் பர்வீன் சிரித்துக்கொண்டே, "தொண்டைக்கு மிளகுப் பால் குடிங்கக்கா" என்றாள். அவளுக்கு இன்று மூன்றாவது நோன்பு. தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்தவர் தொண்டைக்கு வைத்தியம் சொல்கிறாள்.

மதியம் வழக்கம்போல் ஸ்டோர் ரூமில் சாப்பிட்டேன். ஒரு வருஷமாக அங்கேதான். சாப்பிடுவதற்கு மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருக்கிறதே.

மார்ச் 6, வியாழன்

நேற்று ரேசர் தீர்ந்துவிட்டது. நம் தெருக் கடையில் வாங்க முடியாது. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், "அண்ணனுக்கு" என்று வாங்கினேன். கடைக்காரர், "அண்ணனுக்கு முடி கடுசா இருந்தா இது சரிப்படாதும்மா, மூணு பிளேடு உள்ளத எடுத்துக்கங்க" என்றார். எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரிதான். காலை வேலை பன்னிரண்டு நிமிடமாகக் குறைந்தது.

லேபில் கீழ்த் தட்டிலிருந்து டியூப் பெட்டியை எடுக்கக் குனிந்து உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. தொடை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேசைக் காலைப் பிடித்து எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. வெயில் காலம் வந்தால் எல்லோருக்கும் இப்படித்தான்.

மார்ச் 7, வெள்ளி

ஓசூரிலிருந்து அண்ணி போன் செய்தார். 23ஆம் தேதி குழந்தைக்குக் காதுகுத்து. "நீ கண்டிப்பா வரணும் லோகநாயகி. போன தடவ பாக்கும்போது மூஞ்சி ஒரு மாதிரி ஊதிப்போய் இருந்துச்சு. போட்டோகிராபர்கிட்ட சொல்லி, உன்னையக் கொஞ்சம் தள்ளி நிக்க வெச்சு எடுக்கச் சொல்றேன், கவலப்படாத" என்றார். அவருக்குத் தெரிந்த அன்பு அது.

லேபில் லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். கேட்டால் டாக்டர் உடனே கொடுத்துவிடுவார்.

மார்ச் 9, ஞாயிறு

குளிக்கும்போது பார்த்தேன். வயிற்றில் கத்திரிக்காய் நிறத்தில் கோடுகள், விரல் அகலத்துக்கு. முகத்தில் முடி, வயிற்றில் கோடு, காலில் பலமில்லை, மாதவிலக்கு நின்று ஏழு மாதம். இதையெல்லாம் ஒரே சீட்டில் எழுதி யாராவது நீட்டினால், "என்னம்மா, கார்டிசால் பாத்தீங்களா?" என்று முதலில் கேட்கிறவள் நான்தான். பதினான்கு வருஷ அனுபவம்.

சும்மா ஒரு ஆர்வத்துக்காகத்தான் பார்க்கப் போகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு டெக்ஸாமெத்தசோன் இரண்டு சின்ன மாத்திரை. அதைப் போட்டால் நல்ல உடம்பில் காலையில் கார்டிசால் ஹார்மோன் அடங்கி ஒன்றோ ஒன்றரையோ வரும். அடங்கிவிட்டால் டைரியில் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம்.

மார்ச் 10, திங்கள்

அடங்கவில்லை. இருபத்தேழு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஏழே முக்காலுக்கே லேபைத் திறந்து, ரப்பரைப் பல்லால் இழுத்துக் கட்டி, நானே என் இடது கையில் குத்தி ரத்தம் எடுத்தேன். பார்கோடு இல்லாமல் மெஷின் சாம்பிளைத் தொடாது. பார்கோடு வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஒரு பெயர் வேண்டும். என் பெயரைப் போட்டால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த லேபில் எந்தப் பெண்ணுக்கு என்ன ஹார்மோன் என்று பேசாத நாள் கிடையாது. நானும் பேசியிருக்கிறேன்.

அதனால் பர்வீனின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஓர் ஆளை உண்டாக்கினேன். கமலவேணி, வயது 37, பெண். நாலாம் வகுப்பில் எனக்கு அந்தப் பெயரில் ஒரு டீச்சர் இருந்தார், பக்கத்தில் வந்தால் பவுடர் வாசனை அடிக்கும். ஜன்னலுக்கு வெளியே வத்தலக்குண்டு பஸ் நின்றது. ஊர் வத்தலக்குண்டு. என் போன் நம்பரில் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிப் போட்டேன்.

கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன், இரண்டும் போதும். போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். கை சும்மா இருக்கவில்லை. இப்படி ஒரு நோயாளி வந்தால் பொட்டாசியமும் பார்ப்பதுதான் முறை என்று அதையும் சேர்த்துவிட்டேன்.

பொட்டாசியம் 2.7. மூன்றுக்குக் கீழே போனால் ரிப்போர்ட் நகராது. டாக்டர் அறையில் திரை சிவப்பாகும், அவர் நோயாளியிடம் நேரடியாகப் பேசினால்தான் அடங்கும். இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

"யாரும்மா இந்தக் கமலவேணி?" என்று டாக்டர் அருணகிரி வெளியே வந்தார். எங்கள் லேபின் முதலாளி, அறுபத்திரண்டு வயது, கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். இன்று கழற்றியிருந்தார். "பொட்டாசியம் இவ்ளோ கம்மியா இருந்தா இதயம் எப்ப வேணா நின்னுபோகும். உடனே கூப்புடுங்க."

பர்வீன் கூப்பிட்டாள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் எடுத்தார். அவருக்குக் கமலவேணி என்று யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

டெஸ்டோஸ்டிரோன் 210. பெண்களுக்கு அறுபதைத் தாண்டக் கூடாது. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

டாக்டர் விடுவதாக இல்லை. ஃபிரிட்ஜில் மீதமிருந்த கமலவேணியின் ரத்தத்தை எடுத்து, கைக்காசில் இன்னொரு டெஸ்டும் போட்டுவிட்டார். அட்ரீனலில் சுரக்கும் ஆண் ஹார்மோன் அது. சிறுநீரகத்தின் தலையில் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிற சுரப்பிதான் அட்ரீனல். அதுவும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"கார்டிசாலும் ஏறி, ஆம்பள ஹார்மோனும் இப்படி ஏறினா, அட்ரீனல்ல கட்டி இருக்குதானு பாத்தே ஆகணும். சீக்கிரம் பாத்தா எடுத்துடலாம். தள்ளிப்போட்டா..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு டீயைக் கையில் வைத்தபடி பேசினார். "இந்தப் பொம்பள கண்ணாடி பாக்கவே பயப்படும். விசேஷ வீட்டுக்குப் போகாது. தின்னு தின்னு குண்டாயிட்டேன்னு எல்லாரும் சொல்லியிருப்பாங்க. பாவம், பட்டினிகூடக் கிடந்து பாத்திருக்கும்."

கிடந்தேன். போன ஆடியில் மூன்று வாரம் கொள்ளுக் கஞ்சி மட்டும். ஒரு கிலோ ஏறியது.

இதே டாக்டர்தான் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் டப்பாவை நீட்டி, "என்ன லோகநாயகி, நல்லா பூசினாப்ல ஆயிட்ட, சம்பளம் ஜாஸ்தி குடுக்கிறேன் போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், மாஸ்க்குக்குள்.

எனக்குக் கமலவேணி மேல் பொறாமையாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

காலை வேலை இருபது நிமிடம். தாடைக்கு அடியில் வெட்டிக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பொட்டாசியத்துக்கு நானே மருந்து வாங்கிக் குடிக்கிறேன். இளநீரும். இதைச் சரிசெய்துவிட்டால் இதயம் நிற்காது. மற்றது மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். கட்டி என்றால் ஸ்கேன், ஸ்கேன் என்றால் பெயர், பெயர் என்றால் எல்லோரும். "ஆம்பள ஹார்மோன்" என்ற வார்த்தையை என் பெயரோடு சேர்த்து ஒருவர் சொல்வதைக் கேட்பதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தேன். பிறகு, நிஜமாகவே செத்துப்போவேனே என்றும் தோன்றியது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே துணி துவைத்தேன்.

பர்வீன் கேட்டாள், "அந்தக்காவுக்குப் பிள்ளைங்க இருக்குமாக்கா?"

"இருக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"டெஸ்டோஸ்டிரோன் அந்த அளவுக்கு இருந்தா எப்படி இருக்கும்?"

"பிள்ளைங்க இல்லாட்டியும் யாராவது இருப்பாங்கல்ல. அல்லா யாரையும் ஒத்தையா விட மாட்டான்" என்றாள். நான் மைக்ராஸ்கோப்பில் எதையோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். கண்ணாடித் தட்டில் ஒன்றும் இல்லை.

மார்ச் 15, சனி

இன்று பர்வீனுக்குத் திட்டு விழுந்தது. பதிவு அவள் பெயரில்தானே இருக்கிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு போன் நம்பர ஒழுங்கா எழுதத் தெரியாதா உனக்கு? ஒரு உசுரு போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்றார்.

"சார், நான் அந்தக்காவப் பாத்ததாவே நினைவில்ல சார்."

"பாக்காம பேரு எப்படி ஏறுச்சு?"

எனக்குத் தெரிந்த பதிலை நான் சொல்லவில்லை. டியூப்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

கடைசியில் டாக்டர், நாளைக்கு வத்தலக்குண்டுக்கே போய்த் தேடுவது என்று முடிவுசெய்தார். பர்வீன் தானும் வருகிறேன் என்றாள். ஆளைத் தெரியாதே, எப்படி அடையாளம் கேட்பது என்று அவள் கேட்க, டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

எனக்கு ஒரு வேலையும் இல்லை. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். வெயில் நூறைத் தாண்டிவிட்டதாக மேல்வீட்டு டிவி சொன்னது. பர்வீனுக்கு நோன்பு.

மார்ச் 17, திங்கள்

பர்வீனின் உதடு வெடித்திருக்கிறது. பெரியகுளம் ரோட்டிலிருந்து தொடங்கி நாற்பது வீட்டுக்கு மேல் கேட்டாளாம். டாக்டர் காரில் போய் மெடிக்கல் ஷாப்புகளை விசாரித்திருக்கிறார்.

"ஒரு கமலவேணி கெடச்சாங்கக்கா. வயசு அறுபது. நல்லா திடமா இருக்காங்க. விஷயத்தச் சொன்னதும், 'நான் இல்லம்மா, ஆனா நீ யாருன்னே தெரியாதவளுக்காக இந்த வெயில்ல அலையுறியே'ன்னு சொல்லி மோர் கொண்டாந்தாங்க. நோன்புன்னு சொன்னேன். அந்த மோர என்ன பண்றதுன்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாங்க, பாவம்."

"ஏன் இப்படி அலையுற?" என்று கேட்டேன். கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு ஒரு பொம்பள எங்கயோ தனியா உக்காந்திருக்குல்லக்கா. நெனச்சா தூக்கம் வரல" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

நான் மோசமானவள்.

மார்ச் 19, புதன்

டாக்டர் பர்வீனை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. "பெருநாள் வரைக்கும் இரும்மா. அதுக்கப்புறம் வேற எடம் பாத்துக்க. திட்டணும்னு சொல்லல. என்னால இத மறக்க முடியாது" என்றார்.

அவள் அழவில்லை. வெளியே வந்து, வரிசையில் நின்றவரிடம், "பேரு சொல்லுங்கண்ணே" என்று கேட்டாள். அவர் சொன்ன பெயரை மூன்று தடவை திருப்பிக் கேட்டுப் பதிவுசெய்தாள்.

மார்ச் 20, வியாழன்

காலை வேலையைச் செய்யவில்லை.

ஒன்பது மணிக்கு டாக்டர் அறைக்குப் போனேன். அவர் ஸ்லைடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கமலவேணி வந்திருக்காங்க."

மனிதர் நாற்காலி பின்னால் உருள எழுந்தார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போய் ரிசப்ஷனை எட்டிப்பார்த்தார். அங்கே ஒரு கிழவரும் பர்வீனும் மட்டும் இருந்தார்கள். "எங்கம்மா?" என்று திரும்பினார்.

நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னம், தாடை, கழுத்து. பிறகு என் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி மஞ்சளாகிப்போன இடத்தைப் பார்த்தார். உட்கார்ந்தார். ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று எழுதத்தான் வேண்டும். பத்து நாளாக அவர் கமலவேணியைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அப்படி ஓர் ஆசை வந்துவிட்டது.

"ரெண்டு புள்ளி ஏழு வெச்சுக்கிட்டு பத்து நாளா மாடிப்படி ஏறி எறங்கியிருக்க. அறிவிருக்கா உனக்கு?" என்றார். "அந்தப் பொண்ண வேலைய விட்டே போகச் சொல்லிட்டேன். நீ கேட்டுக்கிட்டுத்தான் நின்ன."

"ஆமா சார்."

பர்வீன் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மார்ச் 21, வெள்ளி

ஸ்கேன். இடது அட்ரீனலில் நாலு புள்ளி எட்டு சென்டிமீட்டர் கட்டி. நல்லதா கெட்டதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மதுரையில் டாக்டருக்குத் தெரிந்த சர்ஜன் ஏப்ரல் 2க்கு நாள் கொடுத்திருக்கிறார்.

பர்வீனின் வேலை போகவில்லை. டாக்டர் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையாட்டினாள். நானும் கேட்டேன். அதற்கு அவள் தலையாட்டக்கூட இல்லை.

மார்ச் 24, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன். அதிர்ந்துபோனான். நிஜமாகவே அழுதான். பிறகு, மார்ச் முடிகிற வரை கணக்கு முடிக்கிற வேலை, ஏப்ரலில் ஆடிட், ஐந்தாம் தேதிக்கு மேல் வருகிறேன் என்றான். அண்ணி போனை வாங்கி, "அந்த மாதிரி முடி வளந்ததெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் போயிடுமா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். காதுகுத்துப் படங்களை அனுப்பியிருக்கிறார்கள். குழந்தை எல்லாப் படத்திலும் வாயைத் திறந்து அழுகிறது.

மார்ச் 26, புதன்

பர்வீன் பேசுவதில்லை. சாம்பிள் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். தேடும்போது அத்தனை அன்பு, கிடைத்த பிறகு ஒன்றுமில்லை. கமலவேணி எங்கேயாவது நிஜமாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாகக் கவனித்திருப்பார்கள். அவளைக் கொன்று அவள் இடத்தில் நான் வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருக்கிறது.

குறை சொல்லவில்லை. நான் செய்ததற்கு இது குறைவு.

மார்ச் 30, ஞாயிறு

மதுரை. தனியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டேன். டாக்டர் ஆபரேஷன் அன்று காலை வந்துவிடுவதாகச் சொன்னார். "இப்ப கூட யாரு?" என்று கவுண்ட்டரில் கேட்டார்கள். பிறகு வருவார்கள் என்றேன். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை நிரப்பினார்கள்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு உறவுக்காரர்கள் பதினோரு பேர் வந்துபோனார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கட்டிக்குப் பயமில்லை. கண் விழிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் இருக்குமே, அதற்குத்தான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மதியம் இரண்டு மணிக்குப் பர்வீன் வந்தாள். கையில் ஒரு பை. பெருநாளுக்கு எடுத்த புதுச் சுடிதார், பஸ்ஸில் நசுங்கியிருந்தது. வந்தாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டில், சீப்பு, இரண்டு துண்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். எல்லாம் இரண்டு பேருக்கானது.

"கோபம் தீர்ந்துச்சா?" என்று கேட்டேன்.

"தீரல."

"சரி."

"வத்தலக்குண்டுல ஒவ்வொரு வீட்டுலயும் என்ன கேட்டேன்னு தெரியுமாக்கா? மூஞ்சி உப்பலா இருக்கும், பின்கழுத்துல சதை வெச்சிருக்கும், தாடையில முடி இருக்கும், குரல் கட்டையா இருக்கும், படியேறச் சிரமப்படுவாங்க, தனியாத்தான் சாப்பிடுவாங்க, அப்படி ஒரு அக்கா இந்தப் பக்கம் இருக்காங்களான்னு கேட்டேன். நாப்பத்திரெண்டு வீடு. பேப்பர் பாக்காமலே சொல்ற அளவுக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

என் கை தானாகத் தாடைக்குப் போனது.

"நாலு வருஷமா உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன். ஒரு வீட்டு வாசல்லகூட உங்க ஞாபகம் எனக்கு வரலையே. அதான்க்கா என்னால உங்க மூஞ்சியப் பாக்க முடியல. உங்க மேல கோபம்னா நினச்சுக்கிட்டு இருந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன நினைப்பது, அவள் சொன்னால்தானே தெரியும். பன்னிரண்டு நாள் அவளும் தனியாக இதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள், நானும் திரிந்திருக்கிறேன். இரண்டு மேசைக்கும் நடுவில் மூன்றடிகூட இருக்காது.

நாலு மணிக்கு சிஸ்டர் நாளைக்கான தாள்களோடு வந்தார். பர்வீனை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான் கூட இருக்கப் போறீங்களா? இவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

பர்வீன் கொஞ்சம் யோசித்தாள். "இவங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன் சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.